லேப் கட்டுரையில் ஒரே படம் இரண்டு இடத்தில்: யாரிடம், எப்படிச் சொல்வது?

கேட்டிருந்தது இதுதான். பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் பிஎச்டி, சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். தன் லேபிலிருந்து முன்னால் வந்த ஒரு கட்டுரையின் சோதனையை ஆறு மாதமாகத் திரும்பத் திரும்பச் செய்கிறார், வரவில்லை. கட்டுரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது 3ஆம் படத்தில் இருக்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் (புரதங்களைக் கோடுகளாகக் காட்டும் சோதனைப் படம்) 5ஆம் படத்தில் இருப்பதும் ஒன்றேதான் என்று தோன்றியிருக்கிறது, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்த மாதிரி. கைடிடம் (ஆய்வு வழிகாட்டி) கேட்டதற்கு "அது பழைய கதை, நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் டிசி (ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங். யாரிடம் புகார் சொல்வது, சொன்னால் என் பிஎச்டி என்ன ஆகும், சொல்லாமல் விட்டால் அது தப்பா?

மேடம் என்று ஆரம்பித்திருந்தீர்கள், அக்கா என்றே கூப்பிடலாம். நான் உயிர்வேதியியல்காரி. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் லேப் நடத்துகிறேன், இந்த மாதிரி விசாரணைக் குழுக்களில் நான்கு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை என் லேபிலிருந்து போன கட்டுரை மேலேயே கேள்வி வந்தது. அதனால் இரண்டு பக்கத்து நாற்காலியிலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சோதனை ஆறு மாதமாக வரவில்லை என்பது வேறு, இரண்டு படம் ஒன்றாக இருக்கிறது என்பது வேறு. முதலாவதை வைத்து யார் மேலும் எதுவும் சொல்ல முடியாது. ஆன்டிபாடி (புரதத்தை அடையாளம் காட்டும் பொருள்) வேறு லாட்டில், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதியில், வந்திருக்கலாம், செல் லைன் (லேபில் வளர்க்கும் செல் வகை) மாறியிருக்கலாம், அந்தக் கட்டுரையை எழுதியவருக்குக் கைவந்த ஏதோ ஒரு நுணுக்கம் முறைகள் பகுதியில் எழுதப்படாமல் போயிருக்கலாம். அறிவியலில் பாதி வாழ்க்கை வராத சோதனைதான். ஆனால் இரண்டாவது அப்படியில்லை. வேறு வேறு சோதனை என்று எழுதப்பட்ட இரண்டு இடத்தில் ஒரே படம் இருந்தால், அதற்கு ஒரு விளக்கம் இருந்தே ஆக வேண்டும். அந்த விளக்கம் தவறாகவும் இருக்கலாம், முறைகேடாகவும் இருக்கலாம். எது என்று படத்தைப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூலப் படமும் அந்தத் தேதியின் லேப் நோட்டும்தான் சொல்லும்.

ஆய்வு முறைகேடு என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டிருப்பது மூன்று விஷயங்களை: இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, அடுத்தவர் எழுத்தையோ யோசனையையோ தன்னுடையதாகக் காட்டுவது. அமெரிக்க விதிகள் இதோடு ஒரு வரியைச் சேர்த்திருக்கின்றன, நேர்மையாக நடந்த பிழையும் கருத்து வேறுபாடும் இதில் சேராது என்று. அந்த வரியை நான் ரொம்ப மதிக்கிறேன், ஏன் என்றால் என் லேபைக் காப்பாற்றியது அதுதான்.

சில வருஷம் முன்னால் ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்தது, உங்கள் கட்டுரையில் இரண்டு கட்டம் ஒரே மாதிரி இருக்கிறது, விளக்கம் தேவை என்று. பார்த்தேன், ஆமாம், ஒன்றேதான். அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்த வேலையைச் செய்த பெண் போஸ்ட்டாக்குக்காக, அதாவது பிஎச்டிக்கு அடுத்த ஆய்வு வேலைக்காக, வெளிநாடு போய்விட்டாள். போன் போட்டால் அழுகிறாள், செய்ததை நினைவுபடுத்தவே அவளால் முடியவில்லை. கடைசியில் தெரிந்தது, பவர்பாயின்ட்டில் படத்தை அடுக்கும்போது இடம் பிடிக்க ஒரு படத்தைப் போட்டு வைத்திருக்கிறாள், ஒன்றை மாற்றினாள், இன்னொன்றை மாற்ற மறந்துவிட்டாள். ஆனால் இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் ஜர்னல் ஆசிரியராக இருந்தால் நானும் நம்பமாட்டேன். அவளுடைய பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டு பீரோவில் இருந்தது. அவள் அப்பா அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, கன்டோன்மென்டில் இறங்கி நேரே என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "என் பொண்ணு தப்பு பண்ணிருக்காளா" என்று மட்டும் கேட்டார். டிஸ்க்கைப் போட்டால், மெஷினே போட்ட எண்ணோடு, தேதியோடு, வெட்டப்படாத முழுப் படம் இருக்கிறது. லேப் நோட்டில் அதே தேதி, அதே எண், அவள் கையெழுத்து. ஜர்னல் திருத்தம் போட்டது, கட்டுரை தப்பியது.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் புகாரில் திருட்டு, மோசடி என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. அப்படி ஒரு அப்பா அந்தப் பக்கமும் இருப்பார்.

இப்போது மறுபக்கம். இன்னொரு விசாரணை, எங்கே என்று சொல்லமாட்டேன். ஒரு மாணவி எழுத்தில் புகார் கொடுத்தாள். துறைத்தலைவர் நல்ல மனுஷர்தான், மரியாதைக்காகச் சம்பந்தப்பட்ட பேராசிரியருக்கு முதலில் போன் பண்ணி, "இப்படி ஒரு கடிதம் வந்திருக்கு சார், பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். குழு அமைக்க மூன்று வாரம். நாங்கள் போனபோது ஜெல் படம் எடுக்கும் மெஷினோடு இருந்த கம்ப்யூட்டர் வைரஸ் வந்தது என்று ஃபார்மேட் ஆகியிருந்தது. லேப் நோட்டு கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தேன். நாலு மாதத்துப் பக்கங்கள் ஒரே நீலப் பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். பக்கத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. வெஸ்டர்ன் செய்கிற எவருடைய நோட்டிலும் ஓரத்திலாவது போன்சோ என்ற சாயத்தின் சிவப்பு பட்டிருக்கும், விரல் ரேகையாவது இருக்கும். அந்த நோட்டை எழுதிய மாணவரின் அடுத்த நோட்டில் அதெல்லாம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் தெரிவதை அறிக்கையில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. 'உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை' என்று கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெண் கைடு மாறினாள், ஒன்றரை வருஷம் போயிற்று. அந்தக் கையெழுத்து இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஆட்களின் குணம் இல்லைம்மா. ஒரு இடத்தில் மூலத் தரவு கிடைத்தது, இன்னொரு இடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புகார் வந்த அன்றே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்கிற அதே மணி நேரத்தில், நோட்டும் ஹார்ட் டிஸ்க்கும் மெஷின் கம்ப்யூட்டரும் நகலெடுத்துப் பூட்டி வைக்கப்பட வேண்டும். அவர் வேலை நின்றுபோகாதபடி அவருக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். குற்றவாளி என்று நினைத்து இதைச் செய்வதில்லை, அவர் நிரபராதியாக இருந்தால் அதைக் காட்டுவதற்கும் அதே பொருள்தான் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் 2002இல் நடந்த, இயற்பியலாளர் ஹென்ட்ரிக் ஷோன் விவகாரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேறு வேறு பொருள், வேறு வேறு வெப்பநிலை என்று சொன்ன வரைபடங்களில் இரைச்சல் மட்டும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தது, அதை வெளியாட்கள் கவனித்தார்கள். இரைச்சல் என்பது அளவீட்டில் வரும் தற்செயலான ஏற்ற இறக்கம், அது இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஸ்டான்ஃபோர்டின் மால்கம் பீஸ்லி தலைமையில் குழு போட்டார்கள், மே மாதம் தொடங்கி செப்டம்பரில் அறிக்கை. 24 குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு 16இல் முறைகேடு நடந்தது என்றார்கள், கூட எழுதியவர்களுக்கு அந்த முறைகேட்டில் பங்கில்லை என்றும் தெளிவாக எழுதினார்கள், முழு அறிக்கையையும் வெளியிட்டார்கள். இத்தனைக்கும் ஷோனிடம் ஒழுங்கான நோட்டு கிடையாது, மூலக் கோப்புகளையும் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அழித்திருந்தார். வெளியாட்கள் வைத்த குழு, காலக்கெடு, வெளிப்படையான அறிக்கை, மூன்றும் இருந்ததால் அதையும் தாண்டி முடிவுக்கு வர முடிந்தது.

சரி, நம்ம ஊர் விதிக்கு வருகிறேன். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகள் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும். துறை அளவில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு, நிறுவன அளவில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு, நிறுவனக் குழுவில் ஒருவராவது வெளியிலிருந்து வர வேண்டும். துறைக் குழு 45 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், நிறுவனக் குழுவுக்கும் 45 நாள். ஆனால் தண்டனைப் பட்டியலைப் படித்தால் அது முழுக்க எழுத்தைக் காப்பியடிப்பதைப் பற்றியது. 10 சதவீதம் வரை ஒன்றுமில்லை, 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை அடுத்தது, 60க்கு மேல் போனால் ஆய்வேடாக இருந்தால் பதிவே ரத்து, வெளிவந்த கட்டுரையாக இருந்தால் எழுதிய பேராசிரியருக்கு இரண்டு வருடாந்திர இன்கிரிமென்ட் போகும், மூன்று வருஷத்துக்குப் புது மாணவர் எடுக்க முடியாது. திருப்பி வைத்த ஒரு பிளாட்டுக்கு என்ன சதவீதம் போடுவீர்கள்? காப்பியைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருளில் போட்டால் அந்தக் கட்டுரை 4 சதவீதம் என்று பச்சையாக வரும். படத்தில் நடக்கிற முறைகேட்டை அந்த மென்பொருள் பார்க்காது, அந்த விதியும் அதை மனதில் வைத்து எழுதப்படவில்லை. இது பெரிய ஓட்டை, அதை அடைக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

எழுத்தைக் காப்பியடிப்பது சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே எடை கிடையாது. இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி), வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் பெயரும் இருந்த ஒரு 2011 கட்டுரையில், அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் ஜர்னலில் வந்தது, சில வரிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே வந்திருந்தன. அந்தப் பகுதியை மாணவர் எழுதினார் என்றார்கள், ஜர்னலில் மன்னிப்பு வெளியானது, ஆய்வு முடிவுகளை யாரும் தொடவில்லை. 2012 தொடக்கத்தில் நாளிதழ்களில் பெரிய செய்தி. அதோடு இதே ஊரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்சிபிஎஸ்) நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 அக்டோபரில் நேச்சர் கெமிக்கல் பயாலஜியில் வந்த கட்டுரை, பாக்டீரியாவில் இரும்பை உணரும் ஆர்என்ஏ பற்றி, வந்தபோது ரொம்பப் பாராட்டப்பட்டது. வெளிவந்த கட்டுரைகளை விமர்சிக்கும் பப்பியர் இணையதளத்தில் படங்களைப் பற்றிக் கேள்வி வந்தது, நிறுவனம் விசாரித்தது, படங்கள் திரிக்கப்பட்டிருப்பது உறுதியானது, 2021 ஜூன் கடைசியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள். நம் நாட்டில் இது வேகம்தான். ஆனால் யார் செய்தது, லேபில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி அதற்கப்புறமும் பத்திரிகைகளில் ஓடியது. கட்டுரை பொய் என்று நிரூபிப்பது எளிது, ஆளைச் சுட்டுவது கடினம் என்பது அப்போது இந்த ஊரில் எல்லோருக்கும் புரிந்தது.

அப்புறம், புகார் யார் மேல் என்பதும் முக்கியம். குமாவுன் பல்கலைக்கழகத்தில் 2002இல் துணைவேந்தர் மேலேயே கருத்துத் திருட்டுப் புகார் வந்தது. வெளியே எடுத்துச் சொன்ன இயற்பியல் துறைத்தலைவர்தான் முதலில் அடிபட்டார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து இயற்பியலாளர்கள் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதி, விசாரணை நடந்து, 2003இல்தான் துணைவேந்தர் ராஜினாமா செய்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைக் குழுவில் போட்டால் அவர்களுக்கும் அது கொடுமை. உங்கள் கேசில் துறைத்தலைவர் அந்தக் கட்டுரையில் பெயர் உள்ளவரா, கைடோடு ஒரே கிராண்டில் இருப்பவரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவரிடம் போக வேண்டாம், நேரே ஆராய்ச்சி டீனிடம்.

இன்னொரு பக்கமும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் தெரேசா இமானிஷி-காரி என்ற நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி மேல் 1986இல் அவர் லேபிலிருந்த போஸ்ட்டாக் மார்கோ ஓ'டூல், நோட்டின் 17 பக்கங்களைக் காட்டிக் கேள்வி எழுப்பினார். பல்கலைக்கழகம், அரசு நிறுவனம், நாடாளுமன்றக் குழு, சீக்ரெட் சர்வீஸ் என்ற மத்திய அரசு அமைப்பின் மை ஆய்வு வரைக்கும் போனது. 1996இல் மேல்முறையீட்டில் இமானிஷி-காரி குற்றமற்றவர் என்று தீர்ப்பு. பத்து வருஷம். கேட்டவருக்கும் வேலை போயிற்று, கேட்கப்பட்டவருக்கும் வாழ்க்கை போயிற்று. கேள்வி கேட்டது தப்பில்லை, அதை விசாரித்த விதம்தான் இரண்டு பேரையும் நசுக்கியது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டுரையின் பெயர், ஜர்னல், வருஷம், எந்தப் படத்தின் எந்தக் கட்டமும் எந்தக் கட்டமும் எந்த விதத்தில் ஒத்துப்போகின்றன. பேண்டுகளின் (பிளாட்டில் தெரியும் கோடுகள்) வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள், பேண்டுகள் இயல்பாகவே ஒன்றுபோல இருக்கும். பின்னணியைப் பாருங்கள். தூசிப் புள்ளி, கீறல், ஓரத்துக் கறை, இவை இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அதுதான் பேசும். கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தால் தெரியும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒட்டுங்கள். கடைசி வரி: 'இவற்றின் மூலப் படங்களும் அந்தத் தேதிகளின் ஆய்வுக் குறிப்புகளும் சரிபார்க்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.' யார் செய்திருப்பார் என்ற ஊகம், கைடு சொன்னது, லேபில் பேசிக்கொள்வது, எதுவும் வேண்டாம்.

சீனியரின் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காப்பி பண்ணாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அடுத்த நாள் விசாரணை உங்கள் மேல் திரும்பும், ஆதாரத்தையும் நீங்களே மாற்றியதாகச் சொல்வார்கள். உங்கள் சொந்த ஆறு மாத நோட்டை மட்டும் ஒழுங்காக வையுங்கள், வராத சோதனை ஒவ்வொன்றும் தேதியோடு, ஆன்டிபாடி லாட் எண்ணோடு.

பேர் சொல்லாமல் பப்பியரில் போடலாமா என்றால், போடலாம், பல கட்டுரைகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் அந்த சோதனையைத் திரும்பச் செய்வது உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்றால் பேர் போடாததில் என்ன பாதுகாப்பு? ஜர்னலுக்கு எழுதினால் அவர்கள் முதலில் கட்டுரை எழுதியவர்களிடம் விளக்கம் கேட்பார்கள், திருப்தியில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள், மாதங்கள் ஓடும். எப்படியும் சுற்றி வந்து டீன் மேஜைக்குத்தான் வரும். கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். முடிவு தெரியாமல் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை நடக்கும்போது அதைப் பாதிக்கும் என்று மறுக்க சட்டத்தில் இடம் உண்டு, முடிந்த பிறகு அது செல்லாது.

2025 முதல் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் உயர்கல்வித் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறாமல் பார்த்துக்கொள்வதில் நிர்வாகத்துக்கு இப்போது ஒரு காரணம் கூடியிருக்கிறது என்பது எனக்குக் கவலை. தானாக முன்வந்து திருத்துகிற இடத்தைத் தண்டிக்கக் கூடாது.

பிஎச்டி என்ன ஆகும்? பொய் சொல்லமாட்டேன், ஆபத்து உண்டு. அதனால் வரிசை முக்கியம். புகாருக்கு முன்னால் டிசியில் வெளித்துறைப் பேராசிரியர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரிடம் தனியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் கோ-கைடாக வருவீர்களா என்று கேட்டு வையுங்கள். ஃபெல்லோஷிப் யார் கையெழுத்தில் வருகிறது என்று பாருங்கள்; உங்கள் பெயரில் வரும் ஜேஆர்எஃப் (தேர்வில் வென்று பெறும் ஆய்வு உதவித்தொகை) என்றால் கைடு மாற்றுவது கொஞ்சம் சுலபம், கைடின் பிராஜெக்ட் பணம் என்றால் கஷ்டம். ஊரில் அம்மா அப்பா போனில் "மாதா பிதா குரு தெய்வம், சாருக்கு எதிரா போகாதே" என்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் சாருக்கு எதிராகப் போகவில்லை, ஒரு படத்தின் மூலத்தைக் கேட்கிறேன் என்று.

சொல்லாமல் விட்டால் தப்பா? உங்கள் ஆய்வேட்டின் ஏதாவது ஒரு அத்தியாயம் அந்த 3ஆம் படத்தின் மேல் நிற்கிறதா? நிற்கிறது என்றால் விட முடியாதும்மா, நாளை உங்கள் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போவது அது. நிற்கவில்லை என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, இந்தப் பாரம் மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி மேல் மட்டும் விழக்கூடாது, அந்தக் கட்டுரையில் பெயர் போட்ட பெரியவர்கள் மேல்தான் முதலில் விழ வேண்டும்.

அடுத்த மாத டிசி மீட்டிங்கில் புகார் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். ஆறு மாத சோதனை முடிவுகளை வரிசையாக ஸ்லைடில் வையுங்கள், எத்தனை தடவை, எந்த லாட், என்ன வந்தது. கடைசி ஸ்லைடில், பழைய கட்டுரையின் வெட்டப்படாத மூலப் பிளாட்டுகளோடு ஒப்பிட்டால்தான் என் சோதனை எங்கே மாறுகிறது என்று தெரியும், அவை கிடைக்குமா என்று கேளுங்கள். எந்த மாணவியும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான் அது. அந்தக் கேள்வியை மீட்டிங் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், எழுதி முடித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மூலப் படங்கள் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த ஒரு பக்கத்தோடு இந்த மினிட்ஸையும் சேர்த்து டீன் அலுவலகத்தில் கொடுங்கள்.